மண்ணும் நானும் ஒரு வீடும்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாலம், அணை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கணும். நான் பேசப்போவது 20-க்கு 12 அடியில் இரண்டே அறை உள்ள ஒரு மண் வீட்டைப் பற்றி.

2016 முதல் 2020 வரை தான்சானியாவில், மொரோகோரோ பக்கம் ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தேன். எங்கள் முகாமின் இரவுக் காவலாளி வயதானவர். எல்லோரும் 'ம்ஸே' என்பார்கள். நம்ம ஊர் 'பெரியவரே' மாதிரி. அங்கே மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. 2018 மழையில் அவருடைய குச்சியும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு விழுந்துவிட்டது. "நீ எஞ்சினியர்தானே, கட்டித் தாயேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரில் எத்தனையோ கட்டடம் போட்டிருக்கேன். கையால் ஒரு கல் வைத்ததில்லை.

எங்கள் ஸ்டோரில் 'சின்வா ராம்' என்ற கை அழுத்தி துருப்பிடித்துக் கிடந்தது. 1950-களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். சிமெண்ட் கலந்த ஈர மண்ணைப் பெட்டியில் கொட்டி, மூடி, நீளக் கைப்பிடியை உடம்பு பூரா சாய்த்து இழுத்தால் ஒரு கல். சூளை கிடையாது, அதனால் விறகுக்கு மரம் வெட்ட வேண்டாம்.

மண்ணைச் சோதிக்க லேபும் வேண்டாம். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. ஈர மண்ணை அடைத்துக் காயவிட்டால் எவ்வளவு சுருங்குகிறதோ அதை வைத்துச் சிமெண்ட் அளவு. எங்கள் மண் 2 செ.மீ. சுருங்கியது; 16 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து போடணும். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. உடையாவிட்டால் தண்ணீர் அதிகம். பொடியாகச் சிதறினால் குறைவு.

முதல் நாள் 80 கல் அடித்தோம். ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. கணக்கை மூன்று தடவை பார்த்தேன், தப்பில்லை. ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "ஈரச்சாக்கு போட்டியாடா?"

போடலை. க்யூரிங் பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் பதில் எழுதியவன், கல்லை வெயிலில் காயப் போட்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகணும். ஹாஸ்டலில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவர்களிடம் 'காண்ட்ராக்டர்' என்று சொல்லியிருக்கேன். அவர் கொத்தனார். என் நான்கு வருட ஃபீஸும் அவர் கரணையில் வந்த கூலி. பட்டமளிப்பு விழாவுக்குக்கூட அவரை நான் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் போனில் அவர்தான் மேஸ்திரி. கயிற்றில் 9, 12, 15 அடி முடிச்சுப் போட்டு மூலை பிடிக்கவும், ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கவும், நாலு வரிசைக்கு ஒரு தரம் தூக்குக்குண்டு விடவும் அவர் சொல்லித்தான் பழகினேன். கல்லை நிழலில் அடுக்கி, சாக்கு போர்த்தி, நனைத்து, நான்கு வாரம் கழித்துத்தான் தொட்டோம். சாயங்காலமும் லீவு நாளுமாகச் சுமார் 1,900 கல். 17 மூட்டை சிமெண்ட் கல்லுக்கு மட்டும். கீழே கருங்கல் அஸ்திவாரம். கூரைக்கு மட்டும் தச்சர் வந்தார். அக்டோபர் கடைசியில் தகரம் ஏறியது.

அந்த ஊரில் கைத்தொழில் தெரிந்தவரை 'ஃபுண்டி' என்பார்கள். அது மரியாதைச் சொல். வீடு முடிந்த அன்று ம்ஸே என்னை முதல் தடவையாக 'ஃபுண்டி' என்றார். அப்பாவிடம் சொன்னேன். "சுவர் ஒரு மழை பார்க்கட்டும், அப்புறம் சொல்லு" என்றார்.

2019 மழையைப் பார்த்தது, நின்றது. மேற்குப் பக்கம் மட்டும் கீழ் வரிசைகள் கொஞ்சம் அரித்துவிட்டன. தாழ்வாரத்தை அந்தப் பக்கம் ஒரு அடி கூட்டியிருக்கணும். அது என் தப்பு.

மாணவத் தம்பி தங்கைகளே, கேம்பஸில் எப்பவும் ஏதாவது ஒரு மூலையில் கட்டட வேலை நடக்கும். லீவில் ஒரு வாரம் அங்கே நிற்கும் மேஸ்திரியிடம் கேட்டு நாலு வரிசை கட்டிப் பாருங்கள். கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, பிரித்துக் கட்டுங்கள்.

என் அப்பா இன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தக் கல்லூரிக்குள் வந்திருக்கார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கார். வந்ததிலிருந்து இந்த ஹால் சுவரின் பூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கார். அவர் கருத்தைச் சாப்பாட்டு நேரத்தில் நீங்களே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.