கடல் கடந்த தொண்டும் தனிச் சமையலும்



தலைவர் அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன புகழுரைகளில் பாதியைக்கூட நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். கைக்குக் கிடைத்த புஸ்தகங்களைப் படித்தும், நாலு பேரைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம். சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து, "அந்நிய நாட்டுக்குத் தொண்டராய்ப் போக ஆசை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால் நம் நாட்டாரைக் கடல் தாண்ட விடாமல் வெகுகாலம் தடுத்து வைத்தது இந்தச் சோற்றுப் பானைதான். 1888-ல் காந்தியார் சீமைக்குப் படிக்கப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய ஜாதிக்காரர்கள் கூடி அவரை ஜாதிக்குப் புறம்பாக்கினார்கள். வழியனுப்பப் போகிறவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம்! இந்தப் பயம் மனதில் இருக்கிறவன் கப்பல் ஏறினாலும் ஏறாதவனே. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி மூலை என்று இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

இனி, போய் நிலைத்த ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். 1937-ல் ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்தது. சீனர் உதவி கேட்டதன்பேரில், 1938-ல் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பிற்று. அவர்களில் ஒருவர் ஷோலாப்பூர் துவாரகநாத் கோட்னீஸ். வயது இருபத்தேழு. 1939-ன் தொடக்கத்தில் யெனான் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வீடு என்பது மண்மலையைக் குடைந்த குகை. ஆகாரம் பெரும்பாலும் தினை. ஆம், நம் ஊர்த் தினையேதான்! எல்லோரும் தின்றதை அவரும் தின்றார்.

யெனானுக்குப் போகுமுன்பே, சீனாவில் இருக்கையில், தகப்பனார் இறந்த செய்தி வந்தது. கருமம் செய்யப் பிள்ளை வராவிட்டால் தகப்பன் நரகம் போவான் என்று நம் புரோகிதர் சொல்லுவார். இவரோ காயம்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அங்கேயே இருந்துவிட்டார். துக்கமில்லாமல் இருந்திருக்குமா? நாமும் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள்தான், அது தெரியும்.

பிறகு பாஷை. துபாஷி வைத்துக்கொண்டு எத்தனை நாள் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பது? சீன பாஷையைக் கற்றார். அதிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். சீனாவில் அவருக்கு வழங்கிய பெயர் கே திஹுவா. ஹுவா என்றால் சீனா. கனடா தேசத்து டாக்டர் நார்மன் பெத்தியூன் அறுவைச் சிகிச்சை செய்கையில் விரலில் பட்ட காயம் விஷமேறி 1939-ல் இறந்தார்; அவர் பெயரால் ஏற்பட்ட ஆஸ்பத்திரிக்கு 1941-ல் கோட்னீஸ் தலைவரானார். அன்னியன் என்று யாரும் ஆக்ஷேபிக்கவில்லை.

ஒரு காரியத்தை மாத்திரம் நாம் புகழமாட்டோம். வலிப்பு நோய் கண்டபின், ஓய்வெடுக்கச் சொன்னவர்கள் பேச்சைக் கேளாமல் உழைத்தாராம். பிறருக்கு மருந்து கொடுப்பவன் தன் உடம்பையும் நோயாளியின் உடம்பாகப் பாவிக்க வேண்டாமா? 1942 டிசம்பர் 9-ல், முப்பத்திரண்டாம் வயதில் இறந்து போனார்.

1941-ல் க்வோ சிங்லான் என்ற சீனத் தாதியை அவர் மணந்திருந்தார். பிறந்த ஆண் குழந்தைக்கு இன்ஹுவா என்று பெயர். இன் இந்தியா, ஹுவா சீனா. தகப்பன் இறந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிரம்பவில்லை. அந்த அம்மையார் பிற்காலத்தில் பலமுறை இந்தியாவுக்கு வந்து புருஷன் வீட்டாரைக் கண்டு போனார், 2012-ல் காலமானார்.

கேள்வி கேட்ட தோழரே, சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று இப்போது நீரே சொல்லும். ஊறுகாய் ஜாடி கொண்டுபோவதானால் கொண்டுபோம்; எல்லோருக்கும் நடுவில் வையும். தாய்மார்களிடமும் ஒன்று கேட்கிறோம்: உங்கள் மகன் இப்படி ஒரு பெண்ணோடு வந்து வாசலில் நின்றால், அடுப்பங்கரை வரை விடுவீர்களா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். மறுத்துப் பேச விரும்பும் தோழர்கள் மேடைக்கு வரலாம்.