முடியிழந்த பாண்டியன்



வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வையை மதுரையை நோக்கி நடக்கிறது. அம்மதுரையை இழந்த மன்னன் ஒருவனின் பெயரைக் காத்து வைத்திருப்பது இப்பள்ளத்தாக்கின் சின்னமனூர். அவன் இரண்டாம் இராசசிம்ம பாண்டியன். தந்தை பராந்தக வீரநாராயணன். தாய் சேரர்குல வானவன்மாதேவி.

சின்னமனூர்ப் பெரிய செப்பேடு அவனது 16-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாக அது உரைக்கிறது. அம்மன்னனின் வெற்றிகளையும் அடுக்குகிறது.

ஆனால் காலம் வேறு கணக்கு வைத்திருந்தது. முதற் பராந்தக சோழன் மதுரையைக் கைப்பற்றி, ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ எனப் பட்டம் பூண்டான். இலங்கை வேந்தன் ஐந்தாம் காசியபன் பாண்டியனுக்குத் துணையாகப் படை அனுப்பினான். வெள்ளூர்ப் போரில் இருபடையும் தோற்றன. ஈழப் படைத்தலைவன் நோயால் மாண்டான். எஞ்சியோர் நாடு திரும்பினர்.

இராசசிம்மன் கடல் கடந்து ஈழத்தில் அடைக்கலம் புகுந்தான். அங்கும் உட்பகை மூளவே, குலமுடியையும் அணிகலன்களையும் அங்கேயே வைத்துவிட்டுத் தாய்வழி நாடாகிய கேரளம் சென்றான். முடியைக் கேட்டுப் பராந்தகன் அனுப்பிய படைக்கு நான்காம் உதயன் ஆற்றாது உரோகணம் ஓடினான். முடியையும் உடன் கொண்டு போனான். பின்னர் 1017 வாக்கில் இராசேந்திர சோழனே அதனைக் கைப்பற்றினான்.

இங்கே கவிஞர் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மன்னன் வென்றபோது செப்பேடு பாடியது. அவன் தோற்ற கதையைச் சொல்வன பகைவரின் கல்வெட்டுகளும், ஈழத்துப் பாலி நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சியுமே. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரைச் சிற்றரசனாக ஆண்ட முஃதமித் 1091-இல் அரசிழந்து, மொராக்கோவின் அக்மாத்தில் சிறையிருந்து 1095-இல் இறந்தான். அவன் தானே கவிஞனாதலால் தன் துயரைத் தானே பாடிச் சென்றான். இராசசிம்மனுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் காத்து நின்றவர் கபிலர். தமிழ்க் கவிதையின் பழைய வழக்கம் அதுவே. கொற்றம் நிற்கும்போது மெய்க்கீர்த்தி எழுதுவது எளிது. முடி சாய்ந்தபின் உடன் நடப்பதே புலமை. பொன்முடி கைமாறிக் கைமாறிப் போயிற்று, செப்பேடோ நிலைத்தது. எது நிலைக்கும் என அறிந்தவர் எதை எழுத வேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும்.

வாழ்க தமிழ்!