அமெரிக்க நீதிமன்றத்தில் துப்பாக்கி வழக்கும் வழக்கறிஞர் உரிமையும்



ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி கடைச்சரக்கு என்பது நாம் அனைவரும் கேள்வியுற்ற செய்தி. தில்லி கரோல்பாகிலும் மும்பை மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் அந்நாட்டுக்குப் படிக்கவும் பணியாற்றவும் சென்றிருக்கிறார்கள். ஓய்வு நாளில் நண்பர்களுடன் குறிபார்த்துச் சுடும் திடலுக்குப் போகிறான் மகன். வாடகைத் துப்பாக்கியை ஏந்தியபடி படம் எடுத்து அனுப்புகிறான். நாமும் பார்த்து வியக்கிறோம். அந்தப் படம் ஒரு குற்ற வழக்கில் சாட்சியமாக நிற்கக்கூடும் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டம் உண்டு. அவற்றுக்கு மேலாக, வாஷிங்டனில் உள்ள சமஷ்டி அரசாங்கத்தின் சட்டம் ஒன்றும் உண்டு. 1968-ஆம் ஆண்டில், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர் யார் யார் என்று சமஷ்டிச் சட்டம் வகுத்துரைக்கிறது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் அதில் உள்ளார். அனுமதியின்றித் தங்கியிருக்கும் அயல்நாட்டவர் உள்ளார். தற்காலிக விசாவில் முறைப்படி வந்திருப்பவரும் உள்ளார். மாணவ விசாவும், ஹெச்-1பி என்னும் பணி விசாவும், பேரக் குழந்தையைப் பார்க்கச் செல்லும் பாட்டியின் சுற்றுலா விசாவும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. நிரந்தர வாச அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. தற்காலிக விசாக்காரருக்கும் சில விலக்குகள் உண்டு; மாநில அரசு அளித்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. விசாவின் தகுதி அற்றுப்போய்விட்டால் அந்த உரிமமும் காப்பாற்றாது. தடையை மீறினால் பத்தாண்டு வரை சிறை என்றிருந்ததை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்தாண்டாக உயர்த்திவிட்டது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். சட்டம் தடுப்பது துப்பாக்கியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதை மட்டும் என்று நினைத்தால் தவறு. ஆங்கிலத்தில் 'பொசெஷன்' என்றிருப்பதைத் தமிழில் 'உடைமை' என்று எழுதிவிட்டால் பொருள் குறுகிவிடும். 'கைவசம்' என்பதே நெருங்கிய சொல். பிறருடைய துப்பாக்கியைப் பத்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது கைவசம்தான். கையில் பிடிக்காமல், தன் ஆதிக்கத்தில் உள்ள அலமாரியில் இருப்பதாக அறிந்து வைத்திருந்தாலும் கைவசமே என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கொள்கின்றன.

குற்றம் சாட்டப்பட்டவன் என்ன செய்வது? அவனுக்காகப் பேசுபவர் ஒருவர் வேண்டும். இதன் அருமையை உணர 1939-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைக் காண்போம்.

குழல் குறுக்கி வெட்டப்பட்ட ஒரு துப்பாக்கியைப் பதிவு செய்யாமல் ஒக்லஹோமாவிலிருந்து ஆர்க்கன்சாவுக்குக் கொண்டுசென்றதாக மில்லர், லேட்டன் என்னும் இருவர் மீது, 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி சமஷ்டி அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. மாவட்ட நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். அரசாங்கம் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே வாதம் நடந்த மார்ச் மாதத்தில் அரசாங்கத்தின் வழக்கறிஞர் மட்டுமே எழுந்து பேசினார். எதிர்த்தரப்பு ஆசனத்தில் எவரும் இல்லை. எழுத்து மூலமான வாதமும் வரவில்லை. கட்சிக்காரர்களிடமிருந்து பணம் பெற வழியில்லை என்று அவர்களுடைய வழக்கறிஞர் தெரிவித்துவிட்டார். ஏப்ரலில் மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். மே மாதம் தீர்ப்பு வந்தது: இத்தகைய துப்பாக்கிக்கும் குடிப்படைக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் சான்று எதுவும் தம் முன் இல்லையாதலால் அரசியலமைப்பின் பாதுகாப்பு அதற்கு உண்டென்று சொல்ல இயலாது என்றனர் நீதிபதிகள். சான்று இல்லாமற் போனது வியப்பா? அதை எடுத்துவைக்க ஆளே இல்லையே! அத்தீர்ப்புத்தான் 2008-ஆம் ஆண்டில் ஹெல்லர் வழக்கு வரும்வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், இத்துறையில் வழிகாட்டியாக நின்றது.

வழக்கறிஞர் துணை என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தில் 1791 முதலே எழுதப்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் என்றே அது கூறுகிறது. குடிமகன் என்று கூறவில்லை. ஆகவே நம் பிள்ளைக்கும் அது உண்டு. எழுத்து ஏட்டில் இருந்ததே ஒழிய ஏழைக்கு வழக்கறிஞர் கிடைத்தபாடில்லை. சமஷ்டி நீதிமன்றங்களில் வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு அரசே ஒருவரைத் தரவேண்டும் என்பது 1938-ஆம் ஆண்டில் ஜான்சன் வழக்கில் நிலைநாட்டப்பட்டது. மாநில நீதிமன்றங்களுக்கு அவ்விதி 1963-இல் கிடியன் வழக்கின் மூலம் பரவிற்று. சிறையில் இருந்தபடி பென்சிலால் மனு எழுதி அனுப்பிய கிடியன், பிறகு வழக்கறிஞர் துணையுடன் மறுவிசாரணையில் விடுதலை பெற்றார். நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஊதியம் தர 1964-இல் சட்டம் வந்தது. 1970-இல் அதைத் திருத்தி, இதற்கென்றே நிலையான அலுவலகங்கள் அமைக்க வழி செய்தார்கள்.

இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இங்கே அது பொருந்தாது. சமஷ்டி பொதுத் தற்காப்பு வழக்கறிஞர்கள் நாள்தோறும் அதே நீதிமன்றத்தில் அதே வகை வழக்குகளை நடத்துபவர்கள். துப்பாக்கி வழக்கு அவர்களுக்குப் பழகிய பாதை. தனி வழக்கறிஞரை வைப்பதானால், அவர் அந்தச் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடத்திப் பழகியவரா என்று முதலில் கேட்க வேண்டும். விசா விண்ணப்பம் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராயினும் இதற்கு ஏற்றவர் என்று கருதுவதற்கில்லை.

வழக்கறிஞர் வரும் முன்பே வழக்குக் கெடுவதுதான் பெருந்துயரம். அதிகாரிகள் கதவைத் தட்டும்போது, மரியாதையுடன் பேசிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றே வளர்த்திருக்கிறோம். ஆனால் அங்கே மௌனம் குற்றமன்று. சமஷ்டி அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. காவலில் வைத்து விசாரிக்கும் முன் இவ்வுரிமைகளை எடுத்துரைக்க வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பு. 'என் வழக்கறிஞருடன் பேச விரும்புகிறேன், அதுவரை பதில் சொல்ல விரும்பவில்லை' என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

இன்னொன்றும் உண்டு. சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் தொலைபேசிப் பேச்சுக்கள் பொதுவாகப் பதிவு செய்யப்படுகின்றன. தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியும் என்று தாயார் 'ஏன் அந்தத் துப்பாக்கியைத் தொட்டாய்?' என்று கேட்பார். மகன் விவரம் சொல்வான். என் தொழில் செய்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். அப்பேச்சை ஆங்கிலமாக்கி ஜூரிகளுக்குப் படித்துக் காட்டுவார்கள். நலம் விசாரியுங்கள், வழக்கைப் பேசாதீர்கள். அதே மொழிபெயர்ப்பு உதவியும் செய்யும்: ஆங்கிலம் அறியாத தாயார் சாட்சி சொல்ல நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

சமஷ்டி வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விசாரணைக்கே வருவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் உடன்பாட்டில் முடிகின்றன. இங்கேதான் அயல்நாட்டவருக்குக் கண்ணி இருக்கிறது. தண்டனை எவ்வளவு சிறிதாயினும், துப்பாக்கிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் நாடுகடத்தலுக்கு உள்ளாகலாம். இதை வழக்கறிஞர் முன்கூட்டியே கூறியாக வேண்டும் என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூறாவிட்டால் தாமே கேட்க வேண்டும்.

வாதாடியதால் விளைந்த பயனுக்கு ரெஹைஃப் வழக்கைச் சொல்லலாம். மாணவ விசாவில் வந்தவர். படிப்பில் தேறாததால் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. பிறகும் அங்கேயே தங்கிச் சுடும் திடலில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். பதினெட்டு மாதச் சிறை. தம் தங்கும் உரிமை முடிந்தது அவருக்குத் தெரியுமா என்பதை அரசாங்கம் நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிபதி ஜூரிகளிடம் கூறியிருந்தார். அவருடைய வழக்கறிஞர்கள் இதை விடவில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏழு பேர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அதையும் நிரூபிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் உள்ள 'அறிந்தே' என்னும் ஒரு சொல் எதுவரை பாய்கிறது என்பதுதான் அங்கே வழக்கு. அன்று முதல் இத்தகைய வழக்குகள் அனைத்திலும் அரசாங்கத்தின் சுமை கூடிற்று.

பெற்றோர் செய்யக்கூடியவை சில. கைதானவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. மகன் அதைக் கேட்கட்டும், நீங்களும் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் வாதாட மாட்டார்கள். சந்தித்துப் பேசவும் வழக்கறிஞரைத் தேடவும் உதவுவார்கள். ஜாமீன் விசாரணை சில நாட்களுக்குள் நடக்கும் என்பதால், அங்கே அவனுக்கு நிலையான வீடும் பொறுப்பேற்கும் உறவினரும் உண்டு என்பதைக் காட்டும் கடிதங்களை வழக்கறிஞரிடம் விரைந்து சேர்ப்பியுங்கள். ஊரிலுள்ள மனையை விற்க ஓடவேண்டாம். இலவச வழக்கறிஞருக்கான பிரமாணப் பத்திரத்தில் கேட்கப்படுவது அவனுடைய வருவாயும் சொத்துமே. குடும்பம் தானாக முன்வந்து வழக்கறிஞரை அமர்த்தினாலன்றித் தகப்பனாரின் வசதி கணக்கில் வராது. அப்பத்திரத்தை அவன் உண்மையாக நிரப்பினால் முதல் நாளன்றே நீதிபதி வழக்கறிஞர் ஒருவரை நியமித்துவிடலாம்.