அந்த அழைப்பு யாருடையது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலை சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கத்து அண்ணாச்சி. நான் கட்டுமானப் பொறியாளன். ஆனால் கான்கிரீட்டைப் பற்றிப் பேசி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு வேலையிடத்திலிருந்து போகிற போன் அழைப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கூப்பிடுவது யாரென்று பார்க்க மூன்று வினாடி வையுங்கள். 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனது போலத்தான். தைப்பூச சமயம் குரும்பூர் வழியாகத் திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டி ராத்திரியெல்லாம் நடந்து போகிறார்களே, அந்த 50 மீட்டருக்குள் எத்தனை பேர் இருப்பார்கள்?

"கையிலயா பிடிச்சிருக்கேன்? காதுலதானே மாட்டியிருக்கேன்" என்பார்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களையும் தினம் பார்க்கிறோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற இருவர் செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் சிக்னலைத் தவறவிடுவது ஒரே மாதிரிதான் என்று கண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் குறுக்கே லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு லாரி எங்கே தெரியும்?

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, கையில் போன் பிடித்து ஓட்டுவது அபாயகரமான ஓட்டுதலில் சேரும். முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. சரிதான். ஆனால் கூப்பிட்டவருக்கு?

நான் முன்பு இருந்த ஒரு வேலையில் சைட் மேற்பார்வையாளர் ஒருவர் பைக்கில் போகும்போது வாய்க்கால் ஓரம் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. போனில் கடைசி அழைப்பு மேனேஜருடையது. "ஜல்லி லோடு வந்துச்சா?" அவ்வளவுதான் விஷயம். விசாரணையில் எல்லாரும் விழுந்தவரைத்தான் குறை சொன்னார்கள். எடுக்காமல் விட்டிருந்தால்? அதற்கும் திட்டு வாங்கியிருப்பார். ட்ரிப் கணக்கில் கூலி வாங்கும் துறைமுக லாரி ஓட்டுநருக்கு, அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த ட்ரிப் கிடைக்குமோ என்ற பயம் வேறு. இவர்களிடம் "ஓட்டும்போது பேசாதே" என்று நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

இப்போது என் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்: வண்டி புறப்பட்டபின் அலுவலகம் கூப்பிடாது. டீக்கடையிலோ பங்கிலோ நிறுத்தும்போது அவர்களே பேசுவார்கள். எடுக்காத அழைப்புக்காக யாரிடமும் கேள்வி கிடையாது. "அவசரம்னா என்ன செய்வீர்?" என்று ஒரு காண்டிராக்டர் சண்டைக்கே வந்தார். நான் கவனித்தவரை அந்த அவசரம் பெரும்பாலும் "எங்க வாறீய?" என்பதுதான். அதைச் சொல்ல லாரியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. வாகைக்குளம் டோலைத் தாண்டினால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி முதலாளிக்கே வந்துவிடுகிறது. பிறகு எதற்கு ஓட்டுகிறவரைக் கூப்பிட வேண்டும்?

இங்கே இருப்பவர்களில் பலர் இன்று நாலு பேருக்காவது மேலதிகாரி. அதனால்தான் இதை ஓட்டுநர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன். மாணவர்களுக்கும் ஒன்று: அப்பா பைக்கில் வரும்போது நீங்களும் கூப்பிடத்தானே செய்கிறீர்கள்?

சாப்பாடு முடிந்து நம் வேன்கள் 3 மணிக்குத் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் புறப்படுகின்றன. ஓட்டுநர்களிடம் பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.