சிறிய படம் உங்களுக்கு, மூலப்படம் சங்கத்துக்கு

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொங்கல் விழா முடிந்ததுமே "படமெல்லாம் எப்போ வரும்?" என்று கேட்கிறீர்கள். நம் இணையப் படத்தொகுப்பில் ஏற்றியதும், "ஏன் டவுன்லோடு ஆகவே மாட்டேங்குது?" என்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று சுமார் 4 எம்பி. 300 படம் என்றால் 1.2 ஜிபி. தினம் 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவருக்கு அன்றைய கணக்கு ஏறக்குறைய அதிலேயே தீர்ந்துவிடும். அதே படங்களை நீளவாக்கில் 1,600 பிக்சலாகச் சுருக்கினால் ஒன்று சுமார் 400 கேபி. மொத்தமும் 120 எம்பியில் முடிந்துவிடும். கைப்பேசித் திரையில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே சுருக்கிய படங்களைக் கொடுப்போம். ஆனால் மூலப்படங்களை அழிக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜேபெக் முறையில் சுருக்கும்போது, கண் அதிகம் கவனிக்காத நுண்விவரங்கள் நீக்கப்படுகின்றன. போனது திரும்ப வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் நம் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். பலரும் படம் எடுத்தோம். பிறகு மின்பலகையை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று முடிவு செய்ய, சுவரில் தண்ணீர் ஏறிய அளவைத் தேடினோம். குழுவில் பகிர்ந்த சிறிய படங்கள்தான் மிஞ்சியிருந்தன. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எடுத்த நேரமும் அதில் இல்லை. கடைசியில் உத்தேசமாகத்தான் மாட்டினோம்.

2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பல அளவுகளில் சிறிய படங்களும் கிடைக்கும், மூலக் கோப்பும் கிடைக்கும். நமக்கும் அதுவே வழி.

என் யோசனைகள் மூன்று:

1. ஒவ்வொரு படத்தின் கீழும் 'சிறியது', 'மூலம்' என்று இரண்டு பொத்தான்கள். பக்கத்திலேயே எத்தனை எம்பி என்ற விவரம்.

2. மூலப்படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம். குழந்தைகள் இருக்கும் படங்களின் மூலத்தைப் பொதுவில் வைக்க வேண்டாம். இடவிவரம் நீக்கிய சிறியது போதும்.

3. மூலப்படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கட்டும். ஒன்று சங்க அலுவலகத்தில், இன்னொன்று மேல்மாடி வீடு ஒன்றில்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படம் சுருங்காமல் வந்து சேரும்.

ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்து முடிப்போம்.