கலம் மூழ்கும், பெயர் மூழ்காது

(எர்ணாவூரில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)

 

போர்க்கப்பல் என்பது வெறும் இரும்பும் பொறியுமன்று. அஃது ஒரு பெயருமாகும். இரும்பு துருவேறிக் கழியும். பெயரையோ ஐரோப்பியர் கழியவிடுவதில்லை. பழைய கலம் மறைந்தால், அதன் பெயரைப் புதிய கலத்துக்குச் சூட்டுவர். பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன் என்று தமிழர் கண்ட குடிவழக்கத்தைக் கடலில் கட்டிக்காப்போர் அவர்களே!

எர்ணாவூருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ளது சென்னைத் துறைமுகம். 1914 செப்டம்பர் 22 இரவு, அங்கு வந்த செருமானியக் கப்பலான எம்டன் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 9-இல், கொக்கோசுத் தீவருகே எம்டன் அழிந்தது. பெயர் அழிந்ததா? இல்லை! 1916-இலும் 1925-இலும் புதிய எம்டன்கள் நீரில் இறங்கின. 1961-இலும் 1983-இலும் மேலும் இரண்டு பணியேற்றன. 2023-இல் ஆறாவது கலத்துக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. முதற்கலத்தில் உயிர்தப்பியோர் தம் குடும்பப் பெயருடன் கப்பலின் பெயரையும் சேர்த்துக்கொள்ள இசைவு பெற்றனர். துணிவும் சூழ்ச்சியும் உடையவனைச் சென்னைத் தமிழன் இன்றும் 'எம்டன்' என்கிறான். செருமானிய ஊர்ப்பெயர் தமிழன் நாவில் வாழ்கிறது!

ஆங்கிலேயரோ பகைவன் பெயரையும் விட்டாரில்லை. 1758-இல் பிரஞ்சியரிடமிருந்து 'பூத்ருவயான்' என்னும் கப்பலைக் கைப்பற்றினர். அதன் பெயரை மாற்றாமல் வெற்றிச் சின்னமாகப் போற்றினர்; 1798-இல் தாம் கட்டிய கப்பலுக்கும் அதனையே இட்டனர். அக்கப்பல் 1897-இல் கரையில் மோதிச் சிதைந்தது. அதன் உடைமையாளர் வேறொரு பழங்கப்பலை வாங்கி, அதற்கும் அப்பெயரையே சூட்டினார். அந்தப் பழங்கப்பல் எது? 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்று, தமிழரின் திருக்கோணமலைப் பெயரைச் சிதைந்த வடிவில் 'திரிங்கோமலி' எனத் தாங்கிய போர்க்கப்பல்! பிற்காலத்தில் அதனைச் செப்பனிட்டோர் முதற்பெயரை மீட்டனர். இன்று அது இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் காட்சிக்கலமாக மிதக்கிறது.

தமிழர் நிலை யாது? கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி என மரக்கல வகைக்கெல்லாம் பெயர் கண்ட இனம் இது. கட்டுமரம் என்னும் சொல்லை ஐரோப்பிய மொழிகளுக்கே ஈந்த இனம் இது. 1025-இல் இராசேந்திரன் கடாரம் வென்றதை அவன் மெய்க்கீர்த்தி பாடுகிறது. வென்ற ஊர்களின் பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சென்ற கலங்களுள் ஒன்றின் பெயரும் அதில் இல்லை!

அவ்வேந்தன் பெயரை 1972-இல் பம்பாயிலிருந்த வணிகக் கப்பற் பயிற்சிக்கலம் தாங்கியது. 1993-இல் அக்கலம் ஓய்ந்தது. அதன் பணியை ஏற்ற கரைப் பயிற்சிக் கழகத்துக்குச் சாணக்கியன் பெயர் வந்தது. பெயரை வழிவழியாகக் காக்கும் மரபு இந்தியக் கடற்படைக்குத் தெரியாததன்று. 1997-இல் ஓய்ந்த 'விக்ராந்த்' பெயர் 2022-இல் புதிய கலத்தில் எழுந்தது. அப்பெயர் எழுமெனில், இராசேந்திரன் பெயர் ஏன் எழலாகாது?

கேட்பவர்க்கே கிட்டும், கேளாதவர் பெயர் கடலடியில் கிடக்கும். அரசிடம் கேளுங்கள்! அதற்கு முன், இக்கரையில் மிதக்கும் உங்கள் படகுகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுங்கள். படகு பழுதுற்றால் உடையட்டும். பெயரை அடுத்த படகுக்குக் கொடுங்கள்!