வெட்டும் முன் கோடு போடுவோம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், வடிவமைப்பாளராகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வடிவமைப்பு பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதப் பொதுக்குழுவில் நம் முகப்புக் கூடத்தைப் புதுப்பிக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்காகத்தான் கேட்டிருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும். எனவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

வடிவமைப்பு என்றதும் நிறம், டைல்ஸ், விளக்கு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அவையெல்லாம் கடைசியில் வருபவை. யாருக்காகச் செய்கிறோம், எந்த அளவில் செய்கிறோம், எதை முதலில் செய்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் போதும்.

முதலில் அளவு. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி, அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அங்கே கற்பிக்கும் மரபில் ஒரு சிலையை அடிக்கணக்கில் யோசிப்பதில்லை. சிவன், விஷ்ணு போன்ற தெய்வங்களுக்கு உத்தம தச தாலம் என்ற கணக்கு. சிலையின் மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். முகம் இத்தனை பங்கு, கை இத்தனை பங்கு என்று எல்லாமே அதிலிருந்து வரும். பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம். அவர் உருவம் வேறு, அதனால் கணக்கும் வேறு. எந்த உடலுக்குச் செய்கிறோமோ அந்த உடல்தான் அளவைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கண்ணோடு நம் வாசலைப் பாருங்கள். மூன்று படிகள், மொத்த உயரம் ஒன்றரை அடி. புதிய திட்டத்தில் பக்கவாட்டில் ஒரு சரிவுப்பாதை காட்டியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் அதன் நீளம் 8 அடிதான். சக்கர நாற்காலிக்கான சரிவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்லும் கணக்கு இது. அப்படியானால் நமக்குத் தேவை 18 அடி. எட்டடிப் பாதையில் யாரும் தனியாக ஏற முடியாது. இறங்கும்போது பின்னால் பிடிப்பவருக்கும் கை வழுக்கும். இது நாற்காலியில் வருபவருக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்காதீர்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு வருபவர், முழங்கால் வலிக்காரர், தள்ளுவண்டியில் தண்ணீர் கேன்களும் கேஸ் சிலிண்டரும் கொண்டு வரும் தம்பிகள் என எல்லோருக்கும் அதே பாதைதான்.

பத்தடி நீளத்துக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். இடம் இருக்கிறது. செயற்கை நீரூற்று வரையப்பட்டிருக்கும் அதே இடம்தான். நீரூற்று வேண்டும் என்று கேட்டவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. அழகு எனக்கும் பிடிக்கும், அதை வைத்துத்தான் என் பிழைப்பே நடக்கிறது. நீரூற்றைத் தோட்டத்து மூலைக்கு மாற்றினாலும் அது நீரூற்றுதான். சரிவுப்பாதையை வாசலைத் தவிர வேறெங்கும் வைக்க முடியாது.

இரண்டாவது, வரிசை. ஐந்து ரதங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை போகும்போது அடிப்பகுதியைக் கவனியுங்கள். தர்மராஜ ரதத்தில் மேல்தளங்கள் நுணுக்கமாக முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் முடியாமல் நிற்கிறது. பீம ரதமும் அப்படித்தான். ஊருக்குள் பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும் இதே கதை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிற்பதற்குக் கீழே பாறையே இருந்தது. மேலே உடையும் கல், முடித்த வேலையின்மேல் விழவும் இல்லை. பாதியில் நின்ற குடைவரைகளில் இன்னொன்றும் தெரியும். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவில் நிற்கும் கல்லைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியது வெட்டியதுதான், ஒட்ட முடியாது. அதனால் வரிசையை முன்பே முடிவு செய்தார்கள்.

நம் திட்டத்தில் முதல் வேலையே தரைக்குக் கிரானைட் போடுவது. மழைநீர் வடிகால் இரண்டாம் கட்டத்தில் வருகிறது. அதாவது போட்ட கல்லை உடைத்துக் குழாய் பதிக்கப் போகிறோம். வடிகால், மின்சாரக் குழாய், பிறகு மேல்கூரை, சுவர், கடைசியாகத் தரை என்று வரிசையை மாற்றினால் அதே பணத்துக்கு ஒரே முறை வேலை முடியும். அந்தக் கிரானைட்டும் பளபளப்பாக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த செருப்போடு எல்லோரும் உள்ளே வரும் இடம் அது. சொரசொரப்பான கல்லே போதும்.

மூன்றாவது, கூடத்தின் நடுவில் நிற்கும் தூண். அதைக் கண்ணாடி பதித்து மறைக்கலாம் என்று திட்டம் சொல்கிறது. அர்ச்சுனன் தபசு பாறையில் நடுவே ஒரு பெரிய பிளவு உண்டு. வேறு யாராக இருந்தாலும் குறையுள்ள கல் என்று ஒதுக்கியிருப்பார்கள். பல்லவச் சிற்பிகள் அந்தப் பிளவையே ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, யானைகளையும் முனிவர்களையும் அதை நோக்கித் திருப்பினார்கள். இன்று நம் கண் முதலில் போவது அங்கேதான்.

நம் தூணைச் சுற்றி ஒரு திண்ணை கட்டினால் என்ன? முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்காரர் தமக்காக மட்டும் கட்டிக்கொண்டதல்ல அது. வழிப்போக்கருக்கும் அதில் இடம் உண்டு. இன்று நம் கூடத்தில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பாட்டி சுவரில் சாய்ந்து நிற்கிறார். வீட்டு வேலை முடித்து இறங்கும் அம்மா படியில் உட்காருகிறார். பதினெட்டு இஞ்ச் உயரத்தில் ஒரு திண்ணை, எழும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு இடத்தில் கைப்பிடி. கண்ணாடி பதிப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், சோதித்துப் பார்ப்போம். கல்தச்சர்கள் உளியை எடுக்கும் முன் காவியால் கோடு போட்டுக்கொள்வார்கள். நமக்குச் சாக்பீஸ் போதும். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வாசலில் 18 அடிப் பாதையையும், தூணைச் சுற்றித் திண்ணையையும் தரையில் வரைந்து வைக்கிறேன். நீரூற்றின் வட்டத்தையும் பக்கத்திலேயே வரைகிறேன். ஒரு வாரம் அழிக்காமல் விடுவோம். அந்தக் கோடுகளின் மேல் நடந்து பாருங்கள், வீட்டுப் பெரியவர்களையும் நடக்கச் சொல்லுங்கள். யாருக்கு எது இடிக்கிறது என்று காவலர் மேசையில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். காவலரும் எழுதட்டும், நம்மைவிட அதிக நேரம் அங்கே இருப்பவர் அவர்தான்.

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வாக்களிப்போம்.